வானத்தை நம்பி இறங்கலாம்... ஆனால் தரையில் நிற்கும் ஆண்டெனாவைப் பிடுங்காதீர்கள்!

திருமழிசையை அரசுக் காகிதங்களில் ‘துணைக்கோள் நகரம்’ என்று எழுதுகிறார்கள். 2011-லிருந்து அந்தப் பெயர் இருக்கிறது. நகரம் இன்னும் முழுசா வந்தபாடில்லை, அது தனிக்கதை. இங்கே பேசப்போவது நிஜமான துணைக்கோளைப் பற்றி. விமானத்தை மேலிருந்து வழிகாட்டி ஓடுபாதையில் இறக்கும் செயற்கைக்கோள் பற்றி.

அதுக்கும் திருமழிசைக்கும் என்ன சம்பந்தம்? வரைபடத்தை எடுத்து, மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதையை வடமேற்குப் பக்கமாக ஒரு ஸ்கேல் வைத்து நீட்டிப் பாருங்கள். கோடு மாங்காட்டைத் தொட்டு, பூந்தமல்லியை உரசி, ஏறத்தாழ திருமழிசை மேலேயே போகும். தூரம் நேர்க்கோட்டில் சுமார் 12 கி.மீ. விமானம் வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கினால், இந்த இடத்தில் அது 600 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான விமானங்கள் பிரதான ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் எந்த ஓடுபாதையாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: மழையிலும் மேகத்திலும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாதபோது, அந்தச் சரிவுக்கோட்டை பைலட்டுக்கு யார் காட்டுகிறார்கள்? தரையா, வானமா?

இன்று பெரும்பாலும் தரை. நாளை வானம் என்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்து வழி நமக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் சின்ன விமான நிலையங்களுக்கு உடனடியாக வேண்டும். ஆனால் ‘அது வந்துடுச்சே, இது எதுக்கு?’ என்று தரையில் இருப்பதைக் கழற்றினால், அது மிச்சம் பிடித்த கணக்கு ஆகாது. உயிரோடு விளையாடும் கணக்கு.

இப்போது எப்படி இறங்குகிறது?

இப்போது இருப்பதற்குப் பெயர் ஐஎல்எஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலேயே உலகத் தரமாக ஆகிவிட்ட தொழில்நுட்பம். தத்துவம் எளிமையானது. ஓடுபாதையின் மறுகோடியில் வரிசையாக ஆண்டெனாக்கள் நிற்கும். அவை இரண்டு ரேடியோ கற்றைகளை அனுப்பும். ஒன்றில் 90 ஹெர்ட்ஸ் ஒலி, இன்னொன்றில் 150 ஹெர்ட்ஸ். விமானம் ஒரு பக்கம் விலகினால் ஒரு ஒலி தூக்கலாகக் கேட்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் இருக்கிறோம் என்று அர்த்தம். இது லோக்கலைசர். இதே வேலையை மேல்கீழாகச் செய்வது கிளைட் ஸ்லோப். அது ஓடுபாதையின் பக்கவாட்டில் ஒரு கம்பத்தில் இருக்கும்.

சாதாரண ஐஎல்எஸ்ஸில் பைலட் 200 அடி உயரம் வரை கருவியை நம்பி வரலாம். அந்த உயரத்தில் ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்டால் இறங்கலாம், படாவிட்டால் மேலே தூக்கிவிட வேண்டும். இன்னும் நுட்பமான ரகங்களும் உண்டு. டெல்லி மாதிரி பனிமூட்டம் மொத்தமாக மூடும் ஊர்களில் அவைதான் கைகொடுக்கின்றன.

இதில் சிக்கல் என்ன? ஒரு ஓடுபாதைக்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி செட் வைக்க வேண்டும். சென்னையின் இரண்டு ஓடுபாதைக்கு நான்கு முனை. ஆண்டெனா முன்னால் தரை சமமாக இருக்க வேண்டும். பக்கத்தில் பெரிய கட்டிடமோ குன்றோ, ஏன் ஓடுபாதையோரம் காத்திருக்கும் இன்னொரு விமானமோகூட அலையைச் சிதறடிக்கலாம். சோதனை விமானம் வைத்து அவ்வப்போது பறந்து சரிபார்க்க வேண்டும். நாளைக்கு நாலு விமானம் வரும் ஊரில் இவ்வளவு செலவை யார் செய்வார்கள்?

வானத்து வழி என்பது என்ன?

உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ்தான் அடிப்படை. ஆனால் அதை அப்படியே நம்பி விமானத்தை இறக்க முடியாது. டெலிவரி பையன் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டு ‘சார், லொகேஷன் இங்கதான் காட்டுது’ என்று போன் பண்ணினால் நாம் இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளலாம். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் வரும் விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கு, பக்கவாட்டுக் கணக்கைவிடக் கூடுதலாகத் தவறும். இறங்கும்போது தேவைப்படுவதோ உயரம்தான்.

எனவே ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு ‘திருத்துநர்’ தேவை. அதில் இரண்டு வகை.

முதல் வகை, நாடு முழுமைக்கும் ஒரே திருத்துநர். நம்முடையதன் பெயர் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாயில் உருவாக்கியது. பெங்களூரு, திருவனந்தபுரம், போர்ட் பிளேர் உட்பட 15 இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள். அவை ஒவ்வொன்றின் இருப்பிடமும் அங்குலம் பிசகாமல் தெரியும். ‘நான் இருப்பது இங்கே, ஜிபிஎஸ் சொல்வது அங்கே, ஆக பிழை இவ்வளவு’ என்று அவை கணக்கிட்டு பெங்களூருவுக்கு அனுப்பும். அங்கிருந்து திருத்தம் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஜிசாட் செயற்கைக்கோள்களுக்குப் போய், விமானத்துக்கு வந்து சேரும். அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. ஏதாவது ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தப்பாகப் பேசினால், சில விநாடிகளுக்குள் ‘அதை நம்பாதே’ என்று எச்சரிக்கும். துல்லியத்தைவிட இந்த நேர்மைதான் விமானத்துறைக்குப் பெரிது.

இரண்டாவது வகை, விமான நிலையத்துக்குள்ளேயே வைக்கும் திருத்துநர். ஜிபாஸ் என்பார்கள். வளாகத்துக்குள் சில ரிசீவர்கள், ஒரு ரேடியோ. அந்த ஒரே நிலையம் எல்லா முனைகளுக்கும் வழிகாட்டும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட், ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய இடங்களில் இது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் இதற்கான முன்னோட்டத்துக்குப் பத்தாண்டுக்கும் முன்பே தேர்வான இடம் எது தெரியுமா? நம்ம மீனம்பாக்கம். ஆனாலும் இன்றுவரை அங்கே பைலட்டுகளின் அன்றாடத் துணை ஐஎல்எஸ்தான்.

கிஷன்கரில் நடந்தது

2022 ஏப்ரல் 28. ராஜஸ்தானின் அஜ்மீர் அருகே கிஷன்கர் என்ற சின்ன விமான நிலையம். இண்டிகோவின் ஏடிஆர் 72 ரக விமானம் ஒன்று ககன் வழிகாட்டலை வைத்து அங்கே இறங்கியது. ஆசியாவிலேயே ஒரு விமான நிறுவனம் இப்படி இறங்கியது அதுதான் முதல் முறை. ஓடுபாதையில் ஐஎல்எஸ் ஆண்டெனா எதுவும் இல்லாமலேயே, கிட்டத்தட்ட ஐஎல்எஸ் தரத்துக்கு வழி கிடைத்தது.

இதன் அர்த்தத்தைச் சேலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காமலாபுரத்தில் இறங்குவதும் ஏடிஆர் ரகம்தான். வேலூர், நெய்வேலி என்று உடான் திட்டத்தில் பேசப்படும் இடங்கள் எல்லாமே குட்டி ஓடுபாதைகள். கொஞ்சம் மேகம் கவிந்தாலும் விமானம் ரத்து, பயணி பஸ் பிடித்து வீடு திரும்ப வேண்டியது என்ற நிலை இருந்தால், அடுத்த முறை அவர் டிக்கெட்டே போட மாட்டார். ஆள் ஏறாவிட்டால் சேவை நின்றுவிடும். ஓடுபாதைக்குச் செலவு செய்த கோடிகள் வெயிலில் காயும். இங்கே ஐஎல்எஸ்ஸுக்குச் செலவழிக்காமல், ககன் வழி இறங்கும் பாதையை வரைந்து, சோதித்து, வெளியிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அமெரிக்காவில் இந்த மாதிரிப் பாதைகள் 4,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பல, ஐஎல்எஸ்ஸையே பார்த்திராத சிறு நிலையங்களில்.

‘அப்போ இவ்வளவு நாளா ஏன் செய்யல?’ நியாயமான கேள்வி. தரையில் ககன் தயார், 2015-லேயே செங்குத்து வழிகாட்டலுக்கும் சான்றிதழ் வாங்கியாச்சு. ஆனால் விமானத்தில் அதைக் கேட்கும் கருவி வேண்டுமே! 2019 ஜனவரி முதல் இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் கருவி கட்டாயம் என்று 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. பிறகு அந்தக் கெடு 2021 ஜூலைக்குத் தள்ளிப்போனது. பழைய விமானங்களில் புதிதாகப் பொருத்துவது செலவு பிடிக்கும் வேலை. ரேடியோ ஸ்டேஷனைத் திறந்துவிட்டு, வீடுகளில் ரேடியோ பெட்டி இல்லாத கதைதான்.

தும்பாவைத் தந்த கோடு

இனி இயற்கை வைக்கும் தடை. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பியது. ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது, அதற்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தை ஆராய வசதி என்பதால்தான். அதே கோடுதான் இன்று ககனுக்குத் தலைவலி.

செயற்கைக்கோள் சிக்னல் நம்மை எட்டும் முன் அயனி மண்டலத்தைக் கடக்க வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா மேலே அந்த மண்டலம் பெரும்பாலும் தெளிந்த குளம் மாதிரி. காந்த நடுக்கோட்டுப் பகுதியிலோ, சூரியன் மறைந்த பிறகு அது கொதிக்கும் பால் மாதிரி. குமிழிகள் கிளம்பும், சிக்னல் நடுங்கும், சில சமயம் பிடியே விட்டுப்போகும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் தொல்லை அதிகம். இதனால்தான் வெளிநாட்டு மென்பொருளை அப்படியே வாங்கி மாட்டாமல், நம் வானத்துக்கென்றே தனிக் கணக்குமுறை எழுத வேண்டியிருந்தது. நடுக்கோட்டுப் பகுதியில் இப்படி ஒரு அமைப்பைச் சான்றிதழ் வரை கொண்டுபோன முதல் நாடு இந்தியா. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் குமிழிகள் மறைந்துவிடவில்லை. அவை கிளம்பும் ராத்திரிகளில் ககன் ‘இப்போது என்னை நம்பாதே’ என்று சொல்லும். அப்படிச் சொல்வதுதான் அதன் கடமை. அந்த ராத்திரி விமானம் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்?

டெல்லி கற்றுத்தந்த பாடம்

இயற்கையை விடுங்கள், மனிதன் செய்வது இன்னும் மோசம். ஜிபிஎஸ் சிக்னல் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது. தரைக்கு வரும்போது அது மெல்லிய முணுமுணுப்பு. பக்கத்தில் யாராவது சத்தமாகக் கத்தினால் காதில் விழாது. அது ஜாமிங். அதே குரலில் பேசிப் பொய் சொன்னால் அது ஸ்பூஃபிங். ஜாமிங்கில் கருவி ‘எனக்குத் தெரியலை’ என்று ஒப்புக்கொள்ளும். ஸ்பூஃபிங்கில் தைரியமாகத் தப்பான இடத்தைக் காட்டும்.

2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் மட்டும் இப்படி 465 சம்பவங்கள் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ‘அதெல்லாம் எல்லைப் பக்கம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், 2025 நவம்பரில் டெல்லியில் ஓடுபாதை 10-ஐ நோக்கி, ஜிபிஎஸ் வழிமுறையில் வந்துகொண்டிருந்த விமானங்கள் ஸ்பூஃபிங்கைப் பதிவு செய்தன. ஐஎல்எஸ் மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால், அந்தப் பக்கம் செயற்கைக்கோள் வழியைச் சார்ந்திருந்த நேரம் அது. டிசம்பரில் அமைச்சர் கே.ராம்மோகன் நாயுடு மாநிலங்களவையில் அளித்த பதிலில், கொல்கத்தா, மும்பை, ஹைதராபாத், பெங்களூருவோடு சென்னையின் பெயரும் இருந்தது. தரைவழிக் கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பு இல்லை என்பதும் அதே பதிலில் இருந்தது.

இங்கே ககன் காப்பாற்றாதா? காப்பாற்றாது. ககனின் கண்காணிப்பு நிலையங்கள் தரையில் தத்தம் இடங்களில் இருக்கின்றன. விமானத்தின் காதில் பொய் ஓதப்படுவது அது பறக்கும் இடத்தில். அந்த நிலையங்களுக்கு எல்லாம் சரியாகவே கேட்கலாம்.

எஸ்டோனியாவின் தார்த்து நகரத்தைப் பாருங்கள். அங்கே இறங்கும் வழி ஜிபிஎஸ்ஸை நம்பியே இருந்தது. 2024 வசந்தகாலத்தில் குறுக்கீடு அதிகமாகி, ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு முறை இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. ஒரு மாதம் சேவையையே நிறுத்தினார்கள். தரைவழிக் கருவியைக் கொண்டு மாற்றுப் பாதை போட்ட பிறகுதான் மறுபடி பறந்தார்கள். ஒரே ஒரு வழியை நம்பிய ஊருக்கு வந்த கதி அது.

போகிப் புகைக்கு இது மருந்தா?

சென்னைக்காரர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி. 2018 போகி அன்று காலை, புகையில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் தாமதமாகின, வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. செயற்கைக்கோள் வழி வந்தால் இது தீருமா?

தீராது. ககன் வழியும் நல்ல நிலையில் 200, 250 அடி வரைதான் கூட்டி வரும். அதற்குக் கீழே கண்தான் கருவி. சாதாரண ஐஎல்எஸ்ஸில் இறங்க முடியாத புகையில் ககனிலும் இறங்க முடியாது. அதற்கு வேண்டியது உயர்ரக ஐஎல்எஸ், கூடவே விளக்குகள், பயிற்சி. அதைவிட மலிவான வழி, டயர் கொளுத்தாமல் இருப்பது!

சரி, என்னதான் செய்யணும்?

ஒன்று: சேலம், வேலூர் மாதிரியான இடங்களில் ஐஎல்எஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் ககன் பாதைகளை முன்னுரிமை கொடுத்து வெளியிட வேண்டும். இங்கே ஒப்பீடு ஐஎல்எஸ்ஸா ககனா என்பதல்ல. ஒன்றுமே இல்லாததா, ககனா என்பது. அங்கும் குறுக்கீடு வரலாம்தான். வந்தால் விமானம் மேலே தூக்கி, தரைவழிக் கருவி உள்ள கோவைக்கோ திருச்சிக்கோ போகும். அதற்கு அந்தப் பெரிய நிலையங்களில் ஐஎல்எஸ் உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டு: மீனம்பாக்கத்தில் இரண்டும் வேண்டும். பிராங்க்பர்ட்டில் ஜிபாஸ் வந்த பிறகும் ஐஎல்எஸ்ஸை எடுக்கவில்லை. அமெரிக்காவும் அவசரத்துக்கென்று பழைய தரைவழிக் கருவிகளில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. நம் அரசும் குறைந்தபட்சத் தரைவழி வலையமைப்பைப் பராமரிப்பதாக அதே நாடாளுமன்றப் பதிலில் சொல்லியிருக்கிறது. ‘குறைந்தபட்சம்’ என்பது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பட்ஜெட் இறுக்கும்போது முதலில் வெட்டப்படுவது, தினமும் பயன்படாத பொருள்தான். ஸ்டெப்னி டயரை விற்றுவிட்டு வண்டியின் எடை குறைந்தது என்று சந்தோஷப்பட முடியுமா?

மூன்று: பரந்தூர். புதிய விமான நிலையத்துக்கு 2025-ல் மத்திய அரசின் கொள்கையளவு ஒப்புதல் கிடைத்துவிட்டது. நிலத்துக்காக ஏகனாபுரம் மக்கள் நடத்தும் போராட்டம் தனியாக, முழுசாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் கட்டுவதென்று முடிவானால், ஐஎல்எஸ்ஸும் ஜிபாஸும் முதல் நாளிலிருந்தே வரைபடத்தில் இருக்க வேண்டும். கட்டிய வீட்டில் சுவரை உடைத்து பைப் போடுவது மாதிரி பிறகு சேர்க்கக் கூடாது.

நான்கு: வானத்தில் இருப்பதையும் பராமரிக்க வேண்டும். ககனைச் சுமக்கும் ஜிசாட்-8, 12 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்ற கணக்கில் 2011 மே மாதம் ஏவப்பட்டது. அந்த 12 வருஷம் 2023-லேயே முடிந்துவிட்டது. மாற்றுச் செயற்கைக்கோளின் கால அட்டவணையைப் பொதுவில் வையுங்கள். ஒன்று ஓய்ந்த பிறகு அடுத்ததற்கு டெண்டர் விடும் பழக்கம் இங்கே ஆகாது.

ஐந்து: குறுக்கீடு நடந்தால் சொல்லுங்கள். எம்.பி. கேள்வி கேட்டால்தான் எண்ணிக்கை வெளியே வரும் என்ற நிலை மாற வேண்டும். எந்த விமான நிலையத்தில் எத்தனை முறை என்று மாதாமாதம் வெளியிட்டால், பீதி கிளம்பாது. எந்த ஊரில் தரைவழித் துணையை வலுப்படுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, நம் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. ஐஎல்எஸ் விமானத்தை நீண்ட நேர்க்கோட்டில்தான் கூட்டி வரும். செயற்கைக்கோள் வழியில், கடைசி நேர்க்கோட்டைப் பிடிப்பதற்கு முன்னால் பாதையை வளைக்க முடியும். அதாவது, எந்த வீட்டின் மொட்டை மாடிக்கு மேலே விமானம் போக வேண்டும் என்பது இனி மனிதர்கள் எடுக்கும் முடிவு. நெரிசலான குடியிருப்பைத் தவிர்த்து ஏரி மேலே திருப்பலாம். யார் பேச்சுக்கு எடை அதிகமோ அவர்களைத் தவிர்த்து, இல்லாதவர்கள் மேலேயும் திருப்பலாம். பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களும், பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும், பாதை வரையப்படும் முன் கருத்துச் சொல்ல இடம் வேண்டும். வரைந்து முடித்த பிறகு மனு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் பழசைத் தூக்கிப் போடுவதையே முன்னேற்றம் என்று நினைக்கிறோம். பணப் பரிமாற்றத்துக்குப் போன் வந்த பிறகும், நெட்வொர்க் போகும் நாளுக்கென்று பர்ஸில் நூறு ரூபாய் வைத்திருப்பவர்தான் கெட்டிக்காரர். சில்லறைக்கே அந்த ஜாக்கிரதை நமக்கு உண்டு. நூற்றைம்பது, இருநூறு பேரோடு மேகத்துக்குள்ளிருந்து இறங்கும் விமானத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டாமா?